காற்று சுத்தம், ஜன்னல் திறக்கலாம்

கன்னியம்மா பால் பாக்கெட்டோடு மூன்றாவது மாடி ஏறி வந்தபோது வாசலிலேயே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காஸ்! கதவைத் தள்ளினாள். உள்ளே அவள் புருஷன் வரதன் அடுப்படி ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம். திருகு முழுக்கத் திறந்திருக்கிறது, தீ மட்டும் இல்லை. ஜன்னல் காற்றில் எப்போதோ அணைந்திருக்கிறது.

"அட, அணைஞ்சு போச்சா" என்று எழுந்த வரதன், லைட்டரைக் கையில் எடுத்தார்.

"யோவ்! தொடாதய்யா! கீழ போடு அத்த!"

அவள் போட்ட சத்தத்தில் லைட்டர் தானாக விழுந்தது. பாய்ந்து திருகை மூடினாள். சாத்தியிருந்த மற்ற ஜன்னல் எல்லாவற்றையும் தள்ளித் திறந்தாள். புருஷனைச் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். வரதனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடி ஆச்சு?"

"இன்னா ஆச்சா? வூடு பூரா காஸ் நாறுது. ஒனக்குத் தெர்ல?"

"இல்லியே" என்றார் வரதன்.

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். கன்னியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னே என்ன, அது சாதாரண மூக்கா? முப்பத்து நாலு வருஷம் ஓர் உரத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்த மூக்கு. மீட்டர் முள் அசைவதற்கு முன்னாலேயே "அந்த வால்வக் கொஞ்சம் பாருங்கப்பா" என்று சொல்லிவிடும். திருவொற்றியூரில் இந்த நாலு மாடி வாரியக் குடியிருப்பில் அவரை வரதன் என்று கூப்பிடுகிறவர்கள் குறைச்சல். சின்னதுகளிலிருந்து பெரியவர்கள் வரைக்கும் மூக்கு மாமாதான்.

அவரோடு ரிட்டயர்டு ஆனவர்களில் பாதிப் பேர் டிவி ரிமோட்டும் மருமகளோடு சண்டையுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? விடிகாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடி. நாலு திசைக்கும் திரும்பி நின்று இழுத்து மோந்து பார்ப்பார். பிறகு நூற்றெண்பது வீட்டுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்: "மேற்கே முட்டை அழுகல் வாடை. எட்டு மணி வரை ஜன்னல் சாத்தவும்." அதைப் பார்த்துத்தான் குடியிருப்பில் துணி காயப்போடுவார்கள், பிள்ளைகளை வெளியே விடுவார்கள். அப்புறம் குளித்து, சாப்பிட்டு, அன்றைய வாடையை வைத்துச் சுற்றுவட்டார ஆலைகள் மேல் ஒரு மனு எழுதி, ரயில் பிடித்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். "ரிட்டயர்டு ஆனப்புறம்தான் நான் வேலைக்கே போறேன்" என்று பெருமையடித்துக்கொள்வார். ராத்திரி படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். இப்படி ஒரு வயதான காலம் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்?

ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து மாடிக்குப் போனால், காற்றில் ஒரு வாடையும் இல்லை! மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, இல்லவே இல்லை. மனுஷர் பூரித்துப் போனார். மூன்று வருஷமாக எழுதிய மனுக்கள் வேலை செய்துவிட்டன என்று நினைத்தார். பத்தாவது நாள் கன்னியம்மாவை அண்டா நிறையக் கேசரி கிண்டச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தார். "காத்து திருந்திடுச்சுப்பா!" எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே குறை, கன்னியம்மாவின் குழம்பில் ருசி போய்விட்டது என்பதுதான். அதைச் சொல்லப்போய் அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அவள் உள்ளே ஓடி, கருவாட்டு டப்பாவை எடுத்துவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒன்றுமில்லை. பினாயில் பாட்டிலைத் திறந்தாள். ஒன்றுமில்லை. வெங்காயத்தை நசுக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாசனை மட்டும் வரவில்லை.

"ஐயோ, அப்போ இத்தினி நாளா நீ குரூப்ல போட்டதெல்லாம்?"

வரதன் விரலால் போனைத் தள்ளிப் பார்த்தார். காய்ச்சலுக்கு அப்புறம் இருபத்தாறு நாள். இருபத்தாறும் ஒரே வரி. காற்று சுத்தம், ஜன்னல் திறக்கலாம். காற்று சுத்தம், ஜன்னல் திறக்கலாம்.

"பென்னி அண்ணன ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்களே, அன்னிக்கு?" என்றாள் கன்னியம்மா மெதுவாக.

பென்னி முதல் மாடி. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர், வரதனுக்கு உயிர்த் தோஸ்து. மூச்சிரைப்புக்காரர். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டார். வரதன் குரூப்பில் போடாமல் அவர் வீட்டு ஜன்னல் திறக்காது. போன வாரம் காலையில் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அதை அதிகமாகச் சொன்னவரே வரதன்தான்.

அன்றைய தேதியைத் தேடிப் பார்த்தார். காலை ஐந்து பத்துக்கு அதே வரி. அதற்குக் கீழே பென்னி போட்ட கட்டைவிரல் படம்.

"குரூப்ல போடு. இப்பவே போடு" என்றாள் கன்னியம்மா.

"போட்டா அப்பறம் என்னை எவன்டி மதிப்பான்? மூக்கும் போச்சு. இந்த வேலையும் போச்சுன்னா காலைல எழுந்து நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

"அந்த மனுசன் செத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

வரதன் போனைச் சட்டைப்பையில் போட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பின்னாலேயே அவளும் வந்தாள்.

பென்னி கட்டிலில் தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வரதன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் கொட்டிவிட்டார். "ஒன்ன சாவற அளவுக்கு நான்தான் கொண்டுபோய் வுட்டேன் மாமு. எனக்கு ஒரு எழவும் தெர்ல."

பென்னி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நாறுச்சு மாமு" என்றார். "எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. நெஞ்ச அடச்சுது. போன எடுத்துப் பாத்தேன், நீ சுத்தம்னு போட்டிருந்த. நம்ம மூக்குதான் வயசாயி கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன். நல்ல காத்து வரட்டும்னு எழுந்து போயி ஜன்னல இன்னுங் கொஞ்சம் தொறந்து வெச்சேன்."

வரதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பிறகு ஏதோ உறைத்தவர்போல நிமிர்ந்து, வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஒனக்கும் அடிச்சுதா?"

"அடிக்காம? ஒரே வூட்லதான கீறோம்?" கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "தெனம் அடிச்சுது. மொதல்ல, ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு இருந்தேன். அப்பறம் நீ பாட்டுப் பாடிகினே மாடி எறங்கி வருவ. அந்த மூஞ்சப் பாத்துட்டு எனக்குச் சொல்ல மனசு வர்லய்யா. என்னையும் சேத்து எழுது."

வரதன் போனை எடுத்தார். 'எனக்கு மூக்கு போய்விட்டது. இருபத்தாறு நாளாக நான் போட்டதெல்லாம் தப்பு. பென்னியின் உயிருக்கே ஆபத்தானது என்னால்தான். மன்னிக்கவும்' என்று, அவளைச் சேர்க்காமல், எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கட்டிலில் போட்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் துடிக்க ஆரம்பித்தது. முதலில் நாலாவது மாடி மலிகா. 'எங்களுக்கும் நாறுச்சு மாமா, நீங்க சொன்னதால சும்மா இருந்துட்டோம்.' அடுத்து எதிர் பிளாக்கிலிருந்து ஒருவர், அதே பேச்சு. அதற்கடுத்து இன்னொருவர். ஊருக்கே நாறியிருக்கிறது, ஒருவர்கூட வாய் திறக்கவில்லை! வரதன் மேலே படிக்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பென்னி அதை எடுத்துத் திரும்ப அவர் கையில் திணித்தார். "அழுவறத வுட்டுட்டு எழுது. இன்னிக்கு யாரு சொல்றது? நூத்தியெம்பது வூடு கீது."

"நான் எத்த எழுத?"

கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடைக்குப் போனாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மேற்கே முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்தாள். இழுத்ததும் இருமினாள்.

"முட்ட அழுகின நாத்தம்" என்று அங்கிருந்தே சொன்னாள். "கூடவே ரப்பர் எரியுது."

"ரப்பர் இல்ல, தாரு" என்றார் பென்னி கட்டிலிலிருந்தே. "கதவச் சாத்திட்டு உள்ள வாம்மா."

வரதனுக்கு முட்டையும் தெரியவில்லை, தாரும் தெரியவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதி, ஜன்னல் சாத்தவும் என்று சேர்த்து, கீழே இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பினார்.