ஒன்று ஐந்துக்கு இறங்கும் கோடு

பல்கலைக்கழகப் பொறியியல் துறையின் நீரியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் குழாய்ப் பணியாளன். படித்தது எட்டாம் வகுப்பு. வரைபடம் வாசிக்கக் கற்றது, மாணவர்கள் விட்டுச்சென்ற பாடநூல்களிலிருந்து. எந்தத் தாளையும் எறிவதில்லை என்பதால் அங்கே எனக்கு ‘ஃபைல்’ என்றே பெயர்.

சென்ற மாதம் பதினான்காம் தேதி செய்தித்தாளில் எங்கள் பேராசிரியரின் படம் வந்தது. வடிகட்டியில் அழுக்குச் சேரச் சேரத் தானே திறந்துகொடுத்து, நீரோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் வால்வு ஒன்றை அவர் குழு உருவாக்கியிருந்தது. ‘ஐம்பது நாள், மனிதக் கை படாமல்’ என்பது தலைப்பு. கீழே வரைபடம். மருத்துவமனை ஒன்று அதை வாங்க முன்வந்திருப்பதாகக் கடைசி வரி சொன்னது.

வெளியூரில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். எனக்கு அழைப்பு வருவது அவளிடமிருந்து மட்டும்தான்.

“நாலு பேப்பர் வாங்கிட்டேன்டா. உன் மூஞ்சியத்தான் காணோம்.”

“கீழ ஒரு கோடு போகுது பாருக்கா. ஒம்பது எடத்துல லேசா குழி விழுந்திருக்கும்.”

“இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன். ஆமா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு.”

“அதான் நான். சாப்பிடப் போன நேரம்.”

“எல்லாரும் போட்டோவுல வருவாங்க. நீ குழியா வந்திருக்க.”

நடந்தது இதுதான். சோதனையின் முப்பத்தோராம் நாள் வால்வு இறுகிவிட்டது. விடுமுறைக் காலம், பேராசிரியர் ஊரில் இல்லை. புதிய பாகம் வரும்வரை சமாளிக்கச் சொன்னார். ஒன்பது நாள்கள், பம்பு ஓடும் நேரமான காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, அளவுமானியின் முன்னால் முக்காலியில் அமர்ந்து வால்வைச் சுற்றிப் போகும் பக்கக் குழாயின் திருகைக் கையால் சிறிது சிறிதாகத் திறந்தேன். மதியம் ஒன்று ஐந்து முதல் ஒன்று இருபது வரை மட்டும் உணவகத்தில் இருந்தேன். அந்த ஒன்பது நாள்களில் என்னிடம் பேசியவர் உணவகக்காரர் மட்டுமே, அதுவும் “இன்னிக்கும் தனியாவா?” என்ற ஒரே கேள்வி.

குறிப்பேட்டில் தினமும் ‘வால்வு இயங்கவில்லை, கையால்’ என்று எழுதி வைத்தேன். எண்களைக் கணினியில் ஏற்றிய ஆய்வு மாணவி குறிப்புப் பத்தியை விட்டுவிட்டாள்.

குறிப்பேடு, வாயில் பதிவேட்டின் நகல், நேரம் அச்சிட்ட ஒன்பது உணவகச் சீட்டுகள் ஆகியவற்றுடன் பேராசிரியரிடம் சென்றேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

“நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது. ஒத்துக்கறேன். ஆய்வுக் கட்டுரையில நன்றின்னு உங்க பேர் போட்டுடறேன்.”

“எதுக்கு நன்றின்னு போடுவீங்க சார்?”

“தொழில்நுட்ப உதவிக்கு.”

“கையால திறந்ததுன்னு வராதா?”

“அப்படிப் போட்டா வால்வு நின்னுபோச்சுன்னு ஆயிடும், ஃபைல்.”

“நின்னுதானே சார் போச்சு?”

அவர் சீட்டுகளை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார்.

என் பெயர் வரவேண்டுமானால் என் வேலை மறைய வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் பெயர் அச்சில் வந்ததில்லை. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மருத்துவமனையில் அந்த வால்வு இறுகும் நாளில், பக்கத்தில் முக்காலி போட்டு ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார். நகல்களைப் பதிவு அஞ்சலில் அந்தச் செய்தித்தாளுக்கு அனுப்பினேன்.

அனுப்பிய பத்தொன்பதாம் நாள், ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வந்தது: ஒன்பது நாள்கள் நீரோட்டம் கையால் சீர்செய்யப்பட்டது. யாருடைய கை என்று இல்லை. மருத்துவமனை வாங்குவதைத் தள்ளிவைத்தது. என்னைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். மாணவி எதிரே வந்தால் கைப்பேசியைப் பார்த்தபடி கடந்துபோகிறாள்.

“கையாலன்னு போட்டிருக்கான். உன் கைதானேடா?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா.”

“பேனாவால பக்கத்துல எழுதி வச்சிட்டேன். சாப்பிட்டியா?”

“இனிமேதான்.”

மணி ஒன்று ஐந்து. உணவகக்காரர் எதுவும் கேட்காமல் தட்டை வைத்தார். அன்று இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். எந்தக் கோடும் எங்கும் இறங்கவில்லை.