ஓடும்போது வலித்ததா?

இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று படம் எடுப்பது என் வேலை. பாதி நாள் மருந்தோடும், மீதி நாள் மனிதர்கள் சொல்லும் பொய்யோடும் மல்லுக்கட்ட வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவைத்து, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் கேமராவுக்குக் கீழே கிடந்தவர்களே, உங்கள் சாபம் எனக்குத் தெரியும். திருப்பதியில் அந்தக் கேமரா புதிதாக வந்திருந்த காலம் அது. நான் சித்தூர்க்காரன் என்பதால் தமிழ் பேசும் நோயாளிகள் எல்லாம் என் தலையில்தான்.

வெறும் வயிறு

கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். காலையில் எதுவும் சாப்பிடவில்லையே என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றார். டிரெட்மில்லில் ஏற்றப் போனால் நெய் வாசனை. விடியலில் மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து, ஒரு லட்டையும் முழுசாக முடித்துவிட்டு வந்திருக்கிறார். இன்னொரு நாள் வரச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. அந்த அம்மா அசரவில்லை. "நான் எங்க சார் துன்னேன்? அது பிரசாதம்," என்றார்.

ஓட்டம்

முனிரத்தினம் பிச்சாட்டூர் பக்கத்து விவசாயி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மகன் சேகர் கூட்டி வந்திருந்தான். சேகருக்குக் குவைத்தில் வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமை சென்னையில் விமானம் ஏற வேண்டும். நைனா வரப்பில் நின்று நின்று நடக்கிறாரே என்று சந்தேகம் வந்து, கிளம்புவதற்குள் பார்த்துவிடலாம் என்று அழைத்து வந்தான்.

ஆளை நடக்கவிட்டு, ஓடவிட்டு, மூச்சு வாங்கும் நேரத்தில் நரம்பில் லேசாகக் கதிர்வீசும் மருந்தைச் செலுத்துவோம். ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் மருந்தும் போகும். கேமரா அதைப் படம் பிடிக்கும். நெஞ்சு வலித்தால் உடனே சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். மனிதர் சட்டை நனைய வியர்த்தார், உதட்டைக் கடித்தார், "நோவல சார், நோவல," என்றபடியே ஓடினார். ஈசிஜியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்தான் மருந்தைப் போடச் சொல்லி எந்திரத்தை நிறுத்தவைத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓடும்போதே ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். சேகர் வெளியே உட்கார்ந்திருந்தான். கதவைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "நோவுதுன்னு சொன்னா அவன் குவைத்து போவமாட்டான் சார். நல்லாகீதுன்னு சொல்லிடு சார்."

இரண்டு படங்கள்

ஓடிய பிறகு ஒரு படம், சில மணி நேரம் கழித்து ஓய்வில் ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முனிரத்தினத்தின் முதல் படத்தில் இதயத்தின் முன்பக்கம் பெரிய இடம் இருட்டாக இருந்தது. ஓய்வுப் படத்தில் அதே இடம் நிரம்பியிருந்தது. தசை சாகவில்லை, உழைக்கும்போது ரத்தம் கிடைக்காமல் தவிக்கிறது என்று அர்த்தம். காப்பாற்றிவிடலாம், ஆனால் தள்ளிப்போட முடியாது. அவர் கேட்ட பொய்யைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. நல்லவேளை, முடிவைச் சொல்வது என் வேலையில்லை.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்துத் தெலுங்கில் சொன்னார். எல்லையில் பிறந்தவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இந்த வாரமே அடைப்பைச் சரிசெய்ய வேண்டும் என்றதும் முனிரத்தினம் அவசரமாக, "வெள்ளிக்கிழம இவன் போயிடட்டும். அப்புறம் நானே பஸ்ஸு ஏறி வந்துடறேன்," என்றார்.

சேகர் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவன் குரலில் கோபம் இல்லை. "அங்க சம்பாரிச்சு யாருக்கு நைனா அனுப்புறது?" என்று கேட்டான்.

வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்பதை நான் இன்னும் விடவில்லை. பதிலை மட்டும் கேமராவிடம் வாங்கிக்கொள்கிறேன்.