அடுத்தவள் ஊதிய மூச்சு

எனக்கு வீசிங் உண்டு. இதை இன்று தலை நிமிர்ந்து எழுதுகிறேன். ஆறு வருஷம் இதை வேலையிடத்தில் ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொல்லாமல் மறைத்துத் திரிந்த பைத்தியக்காரியும் நான்தான்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை செய்கிறேன். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரிக் காட்டில் களை எடுத்தவளுக்கு அந்த வேலை லேசில் கிடைக்கவில்லை. தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை வீட்டிலேயே இழுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவேன். அவசரத்துக்கு நீல இன்ஹேலர் ஒன்று பையில் இருக்கும். அதை டாய்லெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு இழுப்பேன். அப்படி ஒளிந்துகொள்ள நான் யார் வீட்டுச் சொத்தைத் திருடினேன்? இழுத்தது என் மூச்சைத்தானே.

வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியில் மெடிக்கல் நடக்கும். குழாயில் ஊத வேண்டும், மெஷின் நம்பர் காட்டும். நம்பர் குறைந்தால் கான்ட்ராக்டர், "ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா" என்பார். அந்த இரண்டு நாள் அதற்கப்புறம் முடியவே முடியாது. அதனால் எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மூச்சு சரியில்லாதவளின் டோக்கனை வாங்கிக்கொண்டு, மூச்சு நன்றாக இருப்பவள் போய் ஊதிவிட்டு வருவாள். தொப்பியும் மாஸ்க்கும் ஓவர்கோட்டும் போட்டால் நாங்கள் எல்லாரும் ஒரே ஆள்தான். மெடிக்கல் எடுக்க வருகிறவர்கள் டோக்கன் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள், முகத்தை அல்ல.

எனக்காக ஊதியவள் பக்கத்து மெஷின்காரி, கர்நாடக எல்லையோரத் தளியில் பிறந்தவள். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. முட்டைக்கோஸ் மூட்டை சுமந்து மேடு ஏறி வளர்ந்த உடம்பு. "குடுக்கா, நான் ஊதறன்" என்று டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். கொஞ்சமாக ஊதியிருக்கலாம். மகராசி, இருந்ததை எல்லாம் ஊதிவிட்டாள்.

பதினைந்து நாளில் என்னைப் பவுடர் கோட்டிங்குக்கு மாற்றினார்கள். பெயிண்டைப் பொடியாகத் தூவி அடுப்பில் சுடும் செக்ஷன் அது. நல்ல மூச்சு உள்ளவர்களைத்தான் அங்கே போடுவார்களாம். லிஸ்டில் முதல் பெயர் என்னுடையது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் வேலையும் சேர்ந்து போகும். வாயை மூடிக்கொண்டு போனேன்.

மழைக்காலம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் இருமினோம். மற்றவர்களுக்கு அது மூன்று நாள் சளி. எனக்கு மூன்றாம் நாள் ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை. வீட்டுக்காரர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டரம்மா ஸ்டீராய்டு என்று சொன்னதும் இவர் குறுக்கே விழுந்தார்.

"வேணாங்க மேடம். வைரஸ் நேரத்துல அது இருக்கிற தெம்பையும் கொறச்சிடும்னு சொல்றாங்க."

"வெறும் சளிக்கு நானும் குடுக்க மாட்டங்க. இவங்களுக்கு ஏற்கெனவே வீசிங். வைரஸ் வந்து மூச்சுக்குழாய வீங்க வெச்சிருக்கு. அந்த வீக்கம் எறங்கத்தான் இது. குடுக்கலன்னா தெம்பு இருந்து என்ன பண்றது?"

அவர் அடங்கினார். ஊசி, ஆக்ஸிஜன், ஐந்து நாள் கட்டில். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை வாரா வாரம் குறைத்து எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பொடியில மறுபடி நின்னா, அடுத்த சளிக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர மாட்டம்மா. யாரு உனக்கு ஃபிட்னஸ் குடுத்தது?"

தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மாத்திரை அதன் வேலையையும் செய்தது, உபரி வேலையையும் செய்தது. அகோரப் பசி. தூக்கம் போச்சு. முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. பார்க்க வந்த லைன்காரிகள், "அக்கா நல்லா கறியா தின்னு தேறியிருக்குது" என்று கிண்டல் அடித்தார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் பொங்கியது. வீட்டுக்காரர், "இது நீ பேசல, மாத்திரை பேசுது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். டாக்டரம்மாவும் அப்படி வரும் என்று எச்சரித்திருந்ததால் நானும் நம்பினேன். மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

தளிக்காரியைக் கூப்பிட்டு, ஆபீஸில் போய்ச் சொல்லப் போகிறேன், உன் பெயர் என் வாயில் வராது என்றேன். அவள் மிரண்டாள்.

"பேடாக்கா, வேணாம். வேலையே போயிடும். அடுத்த மெடிக்கலுக்கும் நானே ஊதறன்."

"நீ ஊதினா நம்பர் வரும்டி. எனக்கு மூச்சு வராது."

எச்.ஆர். ஆபீசர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், தன்மையானவர்தான். பவுடர் கோட்டிங்கில் இனி நிற்க மாட்டேன், மெடிக்கலில் ஊதியது நானில்லை என்று நின்றபடியே சொன்னேன்.

"அப்ப யாரும்மா ஊதுனது?"

"என் மூச்சப் பத்தி மட்டும் கேளுங்க சார். வீசிங் இருக்குன்னா வெளிய அனுப்புறீங்க. அப்புறம் எவ சார் சொந்த மூச்ச ஊதுவா?"

டிஸ்சார்ஜ் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்கம்மாவும் ஸ்டீராய்டு சாப்பிட்டவங்கதான். மாத்திர வேகத்துல பேசுதீங்க. வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட். அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா?

"கடைசி மாத்திரை போட்டு இன்னையோட ஒம்பது நாள் ஆச்சு சார். இப்ப பேசறது நான்."

அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு என்னை அழைத்துப்போய், அங்கிருந்த நர்ஸிடம் ஊதும் மெஷினை எடுக்கச் சொன்னார். வாசலில் லைன்காரிகள் கூடிவிட்டார்கள். தளிக்காரியும் நின்றாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஊதினேன். பாதியில் இருமல் வந்தது. நம்பரைப் பார்த்த நர்ஸுக்கு என் மேல் பாவமாகிவிட்டது.

"இன்னொரு வாட்டி ஊதுங்கக்கா. கொஞ்சம் கூட வரலாம்."

"எத்தன வாட்டி ஊதினாலும் இதான் சிஸ்டர் என்னுது. எழுதுங்க."

எழுதினாள். பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து, அத்தனை பேர் பார்க்க இரண்டு தடவை இழுத்தேன்.

கான்ட்ராக்டர் நான்கு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் உட்காரச் சொன்னார். இன்ஹேலர் அந்த டேபிள் மேலேயே, அளவுக்கருவிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இப்போதெல்லாம் டாய்லெட்டுக்கு நான் டாய்லெட் போக மட்டும்தான் போகிறேன்.