படம் பார்த்து நாகஜோதியின் கத்தரியைப் பிடுங்கிய கதை

கம்பத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து, "மாத்திர போட்டயா?" என்று நாகஜோதியை ஒரு நாளைக்கு ஆறு பேராவது கேட்கத் தொடங்கினார்கள். பதினோரு வருடமாக அவள் மாத்திரை போடுகிறாள். இத்தனை வருடத்தில் புருஷனைத் தவிர ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காததுதான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது ஒரே படத்தில் ஓடைப்பட்டி முழுக்க டாக்டராகிவிட்டது.

நாகஜோதி பிறந்தது பெரியகுளம் பக்கம் கெங்குவார்பட்டியில். பத்தொன்பது வயதில் முத்துப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு ஓடைப்பட்டிக்கு வந்தாள். குனிந்தே களை பிடுங்கிப் பழகியவளை இங்கே திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிறுத்தி அண்ணாந்து பார் என்றார்கள். முதல் மாதம் கழுத்து வலியில் ராத்திரியெல்லாம் அழுதாள். இரண்டு வருடம் போனதும், அந்த வட்டாரத்தில் கத்தரி பிடிக்க அவளை விட்டால் ஆளில்லை என்று ஆனது. விதையில்லாத் திராட்சையில் காய் மிளகளவு இருக்கும்போது நெருக்கமாக இருப்பதைக் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் மிச்சக் காய் பருக்கும். சின்னக் கத்தரியின் நுனி பக்கத்துக் காயில் லேசாகப் பட்டால்கூடப் போதும், தழும்பு விழுந்துவிடும். அந்தக் காயை வியாபாரி தொடமாட்டான். நாகஜோதி கழித்த கொத்தில் தழும்பு தேடினால் கண்தான் வலிக்கும். வேலை செய்யும்போது கொத்தோடு பேசிக்கொண்டே இருப்பாள். "தள்ளி நில்லுடி, ஒனக்கு மட்டும் எடம் வேணுமா?" என்று காய்களை வைவாள். மற்ற பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் தம்பி பைக்கில் அடிபட்டு இறந்தான். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. ஒரு நாள் பட்டப்பகலில் செருப்பில்லாமல் சின்னமனூர் வரைக்கும் நடந்தே போய்விட்டாள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கோழி அறுத்தார்கள். கோழி போனதுதான் மிச்சம். கடைசியில் முத்துப்பாண்டி அவளைத் தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூன்று மாதத்தில் கூப்பிடுகிற சத்தம் அடங்கியது. மறுபடி வேலைக்கு வா என்று வீடு தேடி வந்து கூப்பிட்டவள் கருத்தம்மாள்தான். ஒன்பது பெண்கள் சேர்ந்த வேலைச் செட்டுக்கு அவள்தான் தலைவி. காலையில் பையிலிருந்து கத்தரிகளை எடுத்துக் கொடுப்பதும், சாயங்காலம் கழுவித் திரும்ப வாங்கி வைப்பதும் அவள் பொறுப்பு. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் முதல் கத்தரியை நாகஜோதி கையில் கொடுத்து, "போ தாயி, மூணாவது பந்தல்ல நில்லு" என்றாள். அதை நாகஜோதி உயிருள்ளவரை மறக்கமாட்டாள்.

இப்படி இருந்த பிழைப்பில்தான் அந்தப் படம் வந்து விழுந்தது.

தோட்டக்காரர் ஈஸ்வரபாண்டிக்கு அந்த முறை திராட்சை வெட்டு நன்றாக இருந்தது. சந்தோஷத்தில், அமாவாசை அன்றைக்கு வேலை இல்லையே, எல்லோரும் கம்பத்துக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று டிக்கெட்டும் ஜீப்பும் ஏற்பாடு செய்து கொடுத்தார். மனுஷன் நல்லதுதான் நினைத்தார். அழுகிற படமோ சாமி படமோ இருக்கும் என்று பூ வைத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரம் ஓடியதோ தமிழில் பேசும் இங்கிலீஷ் படம். காமிக்ஸ் புத்தகத்தில் வரும் ஒரு வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்கிற கதை. ஜீப் ஓட்டி வந்த வினோத்ராஜுக்கு மட்டும் வாயெல்லாம் பல்.

படத்தில் ஒருவன் பெரிய கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறான். அவன் காதில் யாரோ பேசுகிறார்கள். எல்லோரும் அவனை ஏறி மிதிக்கிறார்கள். அதுவரைக்கும் நாகஜோதிக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது. ஐயோ பாவம், இந்தப் பயலை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக்கூடாதா என்றுகூட நினைத்தாள். அப்புறம் அவன் மாத்திரை டப்பாவை எடுத்து வாஷ்பேசினில் கொட்டினான். "நிறுத்திட்டான்டா, இனி சம்பவந்தான்!" என்று பின் வரிசையில் ஒருவன் கத்தினான். தியேட்டரே விசிலடித்தது. அடுத்த காட்சியில் லிப்ட்காரன் இரும்பு முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸில் இருந்தவர்களை வரிசையாகச் சுட்டான். கைப்பிள்ளைக்காரியைக்கூட விடவில்லை. அந்த இடத்தில் கருத்தம்மாள் எழுந்து வெளியே போனவள் திரும்பி வரவே இல்லை. தலைவலி என்றாள்.

நாகஜோதியும் ஒரு முறை மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். ஊரில் திருவிழா, தேனிக்குப் போய் மாத்திரை வாங்க பஸ் கிடைக்கவில்லை, எட்டு நாள் விட்டுப்போயிற்று. அந்த எட்டு நாளில் அவள் செய்த பெரிய குற்றம், அரிசி போடாமல் வெறும் உலையை அரை மணி நேரம் கொதிக்க விட்டதுதான். அதையெல்லாம் யார் படமாக எடுக்கப் போகிறார்கள்?

திரும்பி வரும்போது வினோத்ராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அக்கா, இந்தப் படம் மத்தவகளவிட ஒங்களுக்குத்தான் கனெக்ட் ஆகியிருக்கும்" என்றான். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான். அதுதான் கொடுமை. ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த முத்துலட்சுமி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் ஜீப்பில் நகர எங்கே இடம்? எப்படியோ நகர்ந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முத்துப்பாண்டி மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தான். அவன் படத்துக்கே போகவில்லை. டீக்கடையில் கதை கேட்டிருக்கிறான்.

"என்னய்யா எண்ணுற?"

"சும்மாதான்."

"சும்மா எண்ணுறவுக பதினோரு வருசமா எண்ணலயே. நல்லா எண்ணிக்க. வேணும்னா டீக்கடையில கொண்டுபோய் ஊரக் கூட்டி எண்ணு."

அவன் அட்டையைக் கீழே வைத்துவிட்டான். இது போகட்டும், வீட்டுக்குள் நடப்பது. மறுநாள் காலையில் தோட்டத்தில் நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கருத்தம்மாள் எல்லோருக்கும் கத்தரி கொடுத்தாள். நாகஜோதி கை நீட்டியபோது பையை மூடிவிட்டாள்.

"நீ இன்னைக்குக் கீழ விழுகுற காயக் கூட்டிப் பெறக்கு தாயி. கழுத்துக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

"எங்கழுத்துக்கு என்ன மதினி?"

கருத்தம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனாள். மற்றப் பெண்கள் பந்தலைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், நாகஜோதியை மட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு போய்க் காய் பொறுக்கினாள்.

ஐந்து நாள் பொறுக்கினாள். அந்த ஐந்து நாளும் அவள் பட்ட எரிச்சலுக்கு அளவில்லை. வாய் அசைந்தால் முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால், "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீக?" என்றாள். சிரித்தாலும் பார்த்தார்கள், கோபப்பட்டாலும் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனால் "மாத்திர போட்டீகளா?" சோறு தின்ன உட்கார்ந்தால் "மாத்திர போட்டீகளா?" அத்தனையும் அக்கறையாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். அக்கறைக்கு என்ன பதில் சொல்வது?

ஐந்தாம் நாள் ஈஸ்வரபாண்டி வந்து மூன்றாவது பந்தலைப் பார்த்தார். நாகஜோதியின் இடத்தில் நின்றவள் முத்துலட்சுமி. கொத்துக்குக் கொத்து தழும்பு. மனுஷன் குதித்துவிட்டார். "யாரு இங்கன கத்தரி பிடிச்சது? நாகஜோதி எங்க?" என்று கத்தினார். கருத்தம்மாள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஏன் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் நாகஜோதிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. மத்தியானம் எல்லோரும் சோற்றுக்குப் போனதும் நேராகக் கருத்தம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"மதினி, அந்தப் படத்துல அவன் துப்பாக்கியில சுட்டான். நம்ம கையில இருக்கது காய் கழிக்கிற கத்தரி. அத வச்சு ஒரு வெண்டக்காயக்கூட ஒழுங்கா நறுக்க முடியாது. அத எதுக்கு எங்கிட்ட இருந்து பிடுங்குனீக?"

"ஒன் நல்லதுக்குத்தான் தாயி."

"எந்த நல்லது? பதினோரு வருசத்துல ஒருத்தர ஒரு கீறு கீறியிருக்கேனா? போன பொங்கலுக்கு ஒங்க கொழுந்தன் குடிச்சுப்புட்டு அருவாளோட தெருவெல்லாம் ஓடுனாரே, அவரு என்ன மாத்திர போடுறாரு? மறுநாளு அவரு கையில அருவாளக் குடுத்து வாழத்தாரு வெட்டத்தான அனுப்புனீக? அவரப் பாத்து யாரு பயந்தீக? எவனோ எங்கயோ இருந்துகிட்டுப் படம் எடுத்தா, அதுக்கு நான் காய் பெறக்கணுமா?"

கருத்தம்மாள் சோற்று வாளியின் மூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நாகஜோதி எதிர்பார்த்தாள். கருத்தம்மாளோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"ஒனக்குப் பயந்து இல்லடி. கத்தரியப் பாத்தாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது. மாரீஸ்வரிக்குச் சரியில்லடி."

மாரீஸ்வரி அவள் மகள். கம்பத்தில் கட்டிக்கொடுத்தது. தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிறது. இருபது நாளாகத் தூங்கவில்லையாம். சுவரைப் பார்த்தபடியே இருக்கிறாளாம். தனக்குள் ஏதோ பேசுகிறாளாம். பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று கருத்தம்மாள் இருந்திருக்கிறாள். பிறகுதான் இந்தப் படம். பஸ்ஸில் அந்தக் கைப்பிள்ளையைப் பார்த்ததோடு இவளுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு வந்த உடனே கத்தி, அரிவாள்மணை, பிளேடு எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"பிள்ள எங்கன இருக்கு?" என்று கேட்டாள் நாகஜோதி.

"எந்தங்கச்சி வீட்டுல. புட்டிப்பால் குடுக்குறா."

"எத்தன நாளா?"

"படம் பாத்துட்டு வந்ததுல இருந்து."

"மாரீஸ்வரி கேக்கலயா?"

"கேக்குறா. தூங்குது, தூங்குதுன்னு சொல்லிக்கிட்டு வாரேன். பால் கட்டிக்கிட்டு, சேலையெல்லாம் நனஞ்சு உக்காந்திருக்கா."

நாகஜோதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன்னிடம் பிடுங்கியது ஒரு கத்தரி. அதற்கே ஐந்து நாளாக வயிறு எரிகிறது. அந்தப் பெண்ணிடம் எதைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள்!

"எந்திரிங்க மதினி."

"எங்க?"

"மொதல்ல எந்திரிங்க."

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு பேரும் தங்கச்சி வீட்டுக்குப் போனார்கள். கருத்தம்மாள் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். நல்ல வெயில். தெருவில் நாலு வீடு தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அழுது அழுது கண்ணும் தெரியவில்லை. நாகஜோதி இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்."

கருத்தம்மாள் பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்தாள். கண் இமைக்கிற நேரந்தான். ஆனால் அதை இரண்டு பேருமே பார்த்துவிட்டார்கள். கருத்தம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. பிள்ளையை நாகஜோதி கையில் கொடுத்தாள். நாகஜோதி அதன் தலையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

மாரீஸ்வரி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பிள்ளையைப் பார்த்தாள், ஆனால் கையை நீட்டவில்லை. நீட்டினால் மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவள் போல அம்மாவைப் பார்த்தாள்.

"மாரீஸ்வரி, காதுல யாராச்சும் பேசுறாகளா?" என்று நாகஜோதி நேராகவே கேட்டாள். அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் பேசுனாக. இப்பப் பேசுறதில்ல. நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்குத் தேனிக்குப் போறோம். நான் கூட வாரேன். இப்பப் பிள்ளைக்குப் பால் குடு. நானும் ஒங்காத்தாளும் இங்கனயேதான் இருப்போம்."

பிள்ளையை மாரீஸ்வரியின் மடியில் வைத்து, தன் கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். பிள்ளை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடியது. பிறகு பிடித்துக்கொண்டது. மாரீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். வலியாக இருந்திருக்கும்.

"நான் என்னடி செய்வேன்? பயந்துட்டேன்" என்றாள் கருத்தம்மாள், வாசற்படியில் நின்றபடி.

நாகஜோதிக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பிள்ளை பயந்துவிடக்கூடாதே என்று குரலை மட்டும் தணித்துக்கொண்டாள். "பயந்தா எங்கிட்ட வந்து கேக்க வேண்டியதுதான மதினி? இந்த ஊருல இதப் பட்டு எந்திரிச்சவ ஒங்க கண்ணு முன்னாலயே பதினோரு வருசமா நிக்கிறேன். என்னய விட்டுப்புட்டு, போயும் போயும் அந்தப் படத்துக்கிட்டயா கேப்பீக?"

கருத்தம்மாள் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.