ஒரே எண்ணில் இரண்டு புத்தகங்கள்

போன வியாழக்கிழமை காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டவுனிலிருந்து வந்த கிளை நூலகர், சின்னப் பெண், என் மகளைவிட இளையவர். பெட்டி தூக்க வந்த ஆட்கள் இரண்டு பேர். வேன் டிரைவர். பிறகு நான். டிரைவர் பாதி நேரம் வெளியே நின்று, அந்தக் குறுகல் வளைவில் வண்டியை எப்படித் திருப்புவது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவரை முழு ஆளாகச் சேர்க்கலாமா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒப்படைப்புக் காகிதத்தில் அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஆகவே ஐந்து.

எங்கள் எஸ்டேட்டில் இருந்த பகுதிநேர நூலகத்தை மூடி, டவுன் கிளையோடு சேர்க்கிறார்கள். சோகமாக எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாவியை அந்தப் பெண் கையில் வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பெருமூச்சுதான் வந்தது. முப்பது வருஷமாக, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் இறங்கி ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தவள் நான். இனி இழுக்க வேண்டியதில்லை.

கடைசி பீரோவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. நீலகிரித் தைலமும் சூடேறிய தூசியும் கலந்த வாசனை. சமவெளிக்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் ஆடி மாதம் வந்தால் துவைத்த துணி ஐந்து நாளானாலும் காயாது, செருப்பில் பச்சை பூக்கும். புத்தகம் மட்டும் தப்புமா? அட்டை உப்பி, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் தோசை கிழிகிற மாதிரி கிழியும். அதனால் ஒவ்வொரு பீரோவுக்குள்ளும் கீழ்த்தட்டில் ஒரு நாற்பது வாட் பல்பு மாட்டியிருப்போம். மழைக்காலம் முழுக்க அது எரியும். பீரோ லேசாக வெதுவெதுவென்று இருக்கும். படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் பீரோக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் பேப்பர் பார்ப்பார்கள். பல்பால் தீப்பிடித்துவிடுமோ என்று எனக்குத் தனியாக ஒரு பயம். அதற்காக இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்திருப்பேன். அதில் தவளை விழுந்து கிடக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அவர் சொல்வார்: “நமக்குள்ள பயப்பட வேண்டியதையெல்லாம் நீயே பயந்து முடிச்சர்ற. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கறதில்ல.”

நூலகத்தின் வரலாற்றைப் படித்தவர்கள் எழுதினால் சட்டம், வரி, ஆணை என்று எழுதுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த வரலாறு கூரைகளின் வரலாறு. முதலில் வாரம் ஒருநாள் ஊட்டியிலிருந்து புத்தக வேன் வந்துகொண்டிருந்தது. மண் சரிந்து ரோடு போன வருஷத்தில் அதுவும் நின்றது. பிறகு பழைய பிள்ளைக்காம்பராவில் ஓர் அறை கொடுத்தார்கள். தேயிலை பறிக்கப் போகிறவர்கள் குழந்தையை விட்டுச் செல்லும் இடத்துக்கு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் வைத்த பெயர் அது. தொட்டில் கட்டிய கொக்கிகளில் நாங்கள் பேப்பர்களைத் தொங்கவிட்டோம். அங்கே ஓடு ஒழுகியது. ரேஷன் கடைக்குப் பக்கத்து அறைக்குப் போனோம், எலி வந்தது. கடைசியாகப் பஞ்சாயத்துக் கட்டடம். ஒவ்வொரு முறையும் லைன் வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, இலைக் கூடையில் புத்தகங்களைப் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

ஆனால் அப்படித் தூக்கி வந்தவர்கள் யாராலும் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பதுதான் விஷயம்.

அன்றைக்கு உறுப்பினராகச் சேர்ந்து டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் வீட்டு வரி ரசீது கேட்டார்கள். இல்லையென்றால் அரசு வேலையில் இருக்கும் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். லைன் வீடு கம்பெனியுடையது, அதற்கு வரி ரசீது எங்கே இருக்கும்? அரசு உத்தியோகஸ்தரை எங்கே போய்த் தேடுவது? அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் இலை எடை போட்டு, கை கழுவி மேலே ஏறி வர ஐந்தரை ஆகும். ஆறு மணிக்கு நான் பூட்ட வேண்டும்.

நான் என்றால், கூட்டிப் பெருக்குகிற ஆள். சம்பளப் பட்டியலில் என் வேலை அதுதான். நூலகர் நாகராஜன் சார் மூன்று நூலகங்களுக்குப் பொறுப்பு; எங்களிடம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, கையில் உறை. கையுறையைக் கழற்றாமலே பக்கம் புரட்டக் கற்றுக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். மீதி நாட்களில் சாவி என்னிடம்.

ஒருநாள் மூன்றாம் லைன் செல்வி அக்கா வந்து நின்றாள். இலங்கையிலிருந்து சின்ன வயசில் வந்தவள், லைனை லயம் என்பாள். ஒரு தொடர்கதைப் புத்தகத்தைப் பாதி படித்து வைத்திருந்தாள்.

“தங்கச்சி, இத நான் லயத்துக்குக் கொண்டு போறன். நாளைக்கு விடியக் கொண்டு வந்து தாறன். அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் நடக்குதா இல்லையான்னு தெரியாம எனக்கு ராவைக்கு நித்திரை வராது.”

“அக்கா, சாருக்குத் தெரிஞ்சா எம் பொழப்புப் போயிருமுங்க.”

“சாருக்கு யாரு சொல்லப் போறா? நீதான் சொல்லோணும்.”

கொடுத்தேன். விடியக் கொண்டுவந்து தந்தாள். கல்யாணம் நடந்துவிட்டதாம். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து அவள் கொழுந்தன். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, யார், எந்தப் புத்தகம், என்ன எண் என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு வருஷத்தில் அதில் நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். நோட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அப்புறம் எஸ்டேட்டில் வேலை குறைந்தது. வாரம் மூன்று நாள்தான் பேர் போட்டார்கள். செல்வி அக்காவும் இன்னும் சில குடும்பங்களும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். மூட்டை கட்டுகிற அவசரத்தில் யாருக்குப் புத்தக ஞாபகம் வரும்? நோட்டைப் பார்த்தேன். பதினாறு புத்தகங்கள் அவர்களோடு போய்விட்டிருந்தன.

சரியாக அந்தச் சமயத்தில் இருப்புச் சரிபார்ப்பு என்று கடிதம் வந்தது. ஊட்டியிலிருந்து ஓர் அலுவலர் வந்து, பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாத புத்தகத்தின் விலை நூலகர் சம்பளத்தில் பிடிக்கப்படும். நாகராஜன் சாருக்கு அந்த வருஷம் மகள் கல்யாணம். என் கையிலிருந்து சாவி போகும். அதற்கும் மேல், இவள் புத்தகம் திருடினாள் என்று பேர் வரும். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. காய்ச்சல் என்று சாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நோட்டை மடியில் கட்டிக்கொண்டு ஊட்டியை ஒட்டிய காந்தலுக்குப் பஸ் ஏறினேன். அங்கே யூசுப் பாய் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வருவதில் புத்தகங்களை மட்டும் தனியே எடுத்துத் தட்டி அடுக்கி வைப்பார். மக்கிய காகிதத்தோடு அவர் போடும், பால் சேர்க்காத சுலைமானி டீயின் ஏலக்காய் வாசனையும் வரும். நோட்டைப் பார்த்து எழுதி வைத்திருந்த பட்டியலை நீட்டினேன். வாங்கிப் பார்த்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்னம்மா இது, மளிகைச் சாமான் லிஸ்ட்டா? இதே புத்தகம்தான் வேணுமா? வேற நல்லது இருக்கு.”

“இதேதானுங்க பாய். வேறதுன்னா எனக்கு வேண்டாமுங்க.”

“படிக்கிறவங்க இப்படிக் கேக்க மாட்டாங்களே. சரி, உட்காரு.”

எல்லாம் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஓடிய குடும்பக் கதைகள்தான். மதியத்துக்குள் அவர் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, பதினாறையும் தேடி எடுத்துவிட்டார். ஒன்று நாலு ரூபாய். என்னிடம் இருபது ரூபாய்தான் இருந்தது. “மிச்சம் சம்பளத்துக்குக் குடு. ஓடியா போகப் போற? உன் மூஞ்சியப் பாத்தா ஓடவே பயப்படுவ போல இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கை கூசுகிறது. சார் இல்லாத நாளில் மேசை டிராயரிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, பதினாறு புத்தகத்திலும் முத்திரை குத்தினேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றிலும் பழைய பதிவு எண்ணை எழுதினேன். இருக்கிற இடுக்கிலெல்லாம் செருகி வைத்தேன். அலமாரியை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சரிபார்ப்புக்கு வந்த அம்மா உயரமாக, வெந்நீர் பிளாஸ்க்கும் கையுமாக வந்தார். கூட வந்த உதவியாளர் பதிவேட்டிலிருந்து எண்ணை உரக்கப் படிப்பார். நாகராஜன் சார் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டி “இருக்கு” என்பார். அந்த அம்மா டிக் அடிப்பார். பார்த்த புத்தகம் மேசைக்குப் போகும். நான் கதவோரம் நின்று, நோட்டில் இருந்த எண்கள் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருக்கு. இருக்கு. இருக்கு. மத்தியானம் மூன்று மணிக்குப் பதிவேடு முடிந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. டீ போடத் திரும்பினேன்.

“ஏனுங்க சார்,” என்றார் அந்த அம்மா, “அலமாரியில அது என்ன மிச்சம் கெடக்குது?”

பதினாறு புத்தகங்கள் அலமாரியில் இருந்தன.

ஒன்றை எடுத்துப் பிரித்தார். மேசையிலிருந்து அதே எண் உள்ளதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “ரெண்டுக்கும் ஒரே நம்பர். ரெண்டுக்கும் ஒரே சீல். எந்த ஊர்லங்க இப்படி நடக்கும்?”

நாகராஜன் சார் குல்லாவைக் கழற்றினார். அவர் தலையை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். “மேடம், போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, திருப்பூர்ல இருந்து மாரியம்மன் நோம்பிக்கு வந்த ஒரு அம்மா ஒரு பை நெறையாப் புத்தகம் கொண்டாந்து குடுத்தாங்க. அங்க போன எல்லார்த்துகிட்டயும் வாங்கிச் சேத்துக் கொண்டாந்தாங்களாமா. டிக்கெட் இல்லாம எப்படிப் போச்சுன்னு கேட்டா வம்பாயிரும்னு, நானும் பேசாம அடுக்கி வெச்சுட்டனுங்க.”

வெள்ளிக்கிழமை. நான் காந்தலில் யூசுப் பாய் மூட்டை பிரிப்பதைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே வெள்ளிக்கிழமை.

டீ அடுப்போரமாகத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, லைன், செல்வி அக்கா, காந்தல், ஸ்டாம்ப். மடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வெந்நீர் குடித்தார். திரும்பவும் பார்த்தார்.

“கொறஞ்சா எழுதறதுக்குப் பதிவேட்டுல ஒரு கட்டம் இருக்குது. சம்பளத்துல புடிக்கலாம். கூடுனா எங்க எழுதறது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இனி ஒருவாட்டி அந்த ஸ்டாம்பத் தொட்டீன்னா கைய ஒடச்சுப் போடுவேன். சார், பதினாறுலயும் நம்பர அடிச்சுட்டு, நன்கொடைன்னு புதுசாப் பதிவு பண்ணுங்க. இவ பேருல வேண்டாம், சம்பளப் பட்டியல்ல இருக்கறவ. புத்தகம் குடுத்த அந்தக் கடைக்காரர் பேரு என்ன?”

“யூசுப் பாயிங்க.”

“அவர் பேருலயே எழுதுங்க. அப்புறம் இந்த நாப்பத்தியொரு பேருக்கும் மொறையா டிக்கெட் போடுங்க.”

“பிணைக் கையெழுத்து மேடம்?”

“நீங்க அரசு ஊழியர்தானுங்களே?”

நாகராஜன் சார் கையுறையைக் கழற்றினார். பயந்தவர்தான் அவரும், ஒரு பை புத்தகத்தைக் கண்டு ஒரு மாதம் வாயைத் திறக்காதவர். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே மேசையில் உட்கார்ந்து, நாற்பத்தோரு விண்ணப்பங்களிலும், விரல் விறைக்க விறைக்கக் கையெழுத்துப் போட்டார். நான் அவருக்கு ஐந்து டீ போட்டேன். அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கத்தை இன்றுவரை தூங்கியதில்லை.

சம்பளம் வந்ததும் காந்தலுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். யூசுப் பாய் கடைசி வரை கேட்டார். நான் பணத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதியிருக்கு?”

“நன்கொடைன்னுங்க.”

“கவர்மென்ட்டே யூசுப் சும்மா குடுத்தான்னு எழுதி சீல் வெச்சாச்சு. இப்ப நான் காசு வாங்கினா கவர்மென்ட்டைப் பொய்யாக்கினதா ஆவும். என்னைய உள்ள தள்ளப் பாக்கறியாம்மா? எனக்குப் பயமா இருக்கு.”

என்னைப் போலவே குரலை நடுக்கிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் டீ கொடுத்து அனுப்பினார்.

இப்போது மூன்றாம் லைனில் பாதி வீட்டுக்குக் கதவில்லை. அட்டையை உறைக்குள் செருகுகிற டிக்கெட் போய்விட்டது. பிணைக் கையெழுத்தும் போய்விட்டது, ஆதார் நகல் போதும் என்கிறார்கள். அது போனதில் எனக்கு நிம்மதி. நாகராஜன் சார் ஓய்வு பெற்று, வெயிலுக்குத் திரும்பிப் போனார். காந்தலில் பழைய பேப்பர் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். பாய் மகளோடு கோயமுத்தூர் போனதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் யாருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒப்படைப்புக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுமுன், அந்தச் சின்னப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “நிலுவை ஏதாச்சும் இருக்குங்களாக்கா?”

நூலகத்துக்கு ஒன்றும் இல்லை என்றேன். யூசுப் பாய்க்குத்தான், நாற்பத்து நான்கு ரூபாய்.