முதிரைப் பலகையா, கம்பளமா?

தாழ்வுபாட்டு மீனவர் சங்கத்தில் மனேச்சராக இருக்கும் வின்சன்ட் ஒரு பொருளை வாங்கி நான் கண்டதில்லை. விலை கேட்டுத்தான் கண்டிருக்கிறேன். அடுத்த வேலிக்காரன் என்பதால் இதை அடித்துச் சொல்லலாம்.

டென்மார்க்கிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய இரண்டு படங்களில் தொடங்கியது வினை. ஒன்றில் தம்பி வழுவழுப்பான மரத்தரையில் நின்றார். மற்றதில் கம்பளத்தில் படுத்திருந்தார். அன்றிலிருந்து தன் வீட்டின் வெடித்த சீமெந்துத் தரை வின்சன்டின் கண்ணில் குத்தத் தொடங்கியது. பூசித் திருத்தினால் போதாதா என்று கேட்டேன். சீமெந்து எல்லாரும் போடுவது என்றார்.

அவர் மனைவி மாக்கிறட் அக்காவுக்கு முழங்கால் வருத்தம். ஆனாலும் மாலையில் முழந்தாளிட்டுத்தான் செபமாலை சொல்லுவார். சாக்கை மடித்துப் போட்டு, பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றி மாற்றி அவர் முனகுவது வேலி தாண்டிக் கேட்கும். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் ஊரில் ஒக்டோபர் மாதம் மாதா சொரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும். ஊரே பின்னால் போய் அந்த வீட்டில் செபமாலை சொல்லும். அந்தச் சொரூபம் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்பதுதான் ஆசை. தரை வேலை முடியட்டும் என்று சொல்லி இரண்டு வருடம் மாதாவையே திருப்பி அனுப்பியிருந்தார் வின்சன்ட். மாதாவும் பொறுத்துக்கொண்டார்.

அதற்குள் அவர் கேட்ட விலைகளை எழுதிவைக்கும் கொப்பி நிரம்பிவிட்டது. தோட்டவெளித் தச்சர் நவரத்தினம் முதிரைப் பலகைக்குச் சதுர அடி தொள்ளாயிரம் ரூபாய் சொன்னார். மன்னார் பட்டினத்தில் கடை வைத்திருக்கும் ஜுனைதீன் கம்பளத்துக்கு நூற்றைம்பது சொன்னார். தரை போடவேண்டிய முன் விறாந்தை இருநூற்று நாற்பது சதுர அடி. மரத்துக்கு இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம், கம்பளத்துக்கு முப்பத்தாறாயிரம். வேறொருவர் என்றால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். இவரோ மரம் முப்பது வருடம் உழைக்கும், கம்பளம் ஐந்து வருடம்தான் என்று கண்டுபிடித்தார். ஆறு தரம் கம்பளம் மாற்றினால் அதுவும் இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம். இரண்டும் சதம் பிசகாமல் சரிசமன் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருடம் எடுத்தது.

பிறகு மரத்தின் பக்கம் வார்னிஷையும் கறையான் மருந்தையும் கூட்டினார். கம்பளத்தின் பக்கம் தூசி உறிஞ்சும் மெஷினைக் கூட்டினார். சோளகக் காற்று எங்கள் வீடுகளுக்குள் கொண்டுவந்து கொட்டும் மணலுக்கு மட்டும் கொப்பியில் இடமில்லை.

மூன்றாம் வருடம் செப்டம்பரில் ஒரு வழியாக முடிவெடுத்தார். எது போட்டாலும் பழையதை உடைக்கத்தான் வேண்டும் என்பதே அந்த மாபெரும் முடிவு. சொரூபம் எப்போதும் கோயிலடியிலிருந்து தொடங்கும். கடற்கரைப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு வர மாதக் கடைசியாகும். அவசரம் இல்லை என்று உடைத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய அறிவித்தல் வந்தது. இம்முறை சொரூபம் கடற்கரைப் பக்கமிருந்து தொடங்கும். புதன்கிழமை என் வீடு, வியாழக்கிழமை அவர் வீடு.

திங்கட்கிழமை விடியவே ஜுனைதீனிடம் ஓடி, கம்பளமே தரச் சொல்லியிருக்கிறார். கீழே என்ன தரை என்று ஜுனைதீன் கேட்டாராம்.

"எதை விரிச்சாலும் அடியில சீமெந்து வேணும், மனேச்சர். நீங்கள் அதையெல்லோ உடைச்சுப்போட்டு வந்திருக்கிறீங்கள்."

நவரத்தினமும் போனில் அதையேதான் சொன்னார். வின்சன்ட் வீட்டுக்கு வந்து, இந்த வருடமும் சொரூபம் வேண்டாமென்று கோயிலில் சொல்லிவிடலாம் என்றார். மாக்கிறட் அக்கா மணல் அள்ள ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துக் கடற்கரைக்கு நடந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருடமாக அவர் முனகலைக் கேட்டுக்கொண்டு, வேலிக்கு இப்பால் நின்று கொப்பியைப் பார்த்துச் சிரித்தவன்தானே நானும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கல்லையெல்லாம் அள்ளி வெளியே போட்டேன். இருவருமாகச் சுமந்ததில் புதன்கிழமைக்குள் விறாந்தை முழுக்க நாலு விரல் உயரத்துக்குக் கடல்மணல் பரவியாயிற்று.

வியாழன் பின்னேரம் மாதா வந்தார். ஊரே மணலில் முழந்தாளிட்டது. மாக்கிறட் அக்கா சாக்கைத் தேடவில்லை. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடியும்வரை அவர் கால் மாற்றவில்லை, முனகவுமில்லை. பக்கத்தில் வின்சன்ட் செபத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபின் வின்சன்ட் கொப்பியைத் திறந்தார். மணலுக்கும் விலை போடப் போகிறார் என்று நினைத்தேன். மாக்கிறட் அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"மூண்டு வருசமா எது மலிவு எண்டு ஊரெல்லாம் கேட்டனீங்கள்" என்றார் அக்கா மெதுவாக. "எனக்கு எது நோகும் எண்டு என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

வின்சன்ட் எழுதாமலே கொப்பியை மூடினார். மறுநாள் விடியற்காலையில் அவரே கடகத்தோடு கடற்கரைக்குப் போவதைக் கண்டேன். மாக்கிறட் அக்கா முழந்தாளிடும் மூலையில் மணல் கொஞ்சம் குறைவாக இருக்கிறதாம்.