சீப்பில் தட்டியது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனவள் நான். பிறகு தையல் பழகி, ஜோர்டானில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் போனேன். விமானம் ஏறும்போதும் பயம், இறங்கிய பிறகும் பயம். கேஸை அடைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிற ஆள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. என் அறையில் இருந்த, எங்கள் ஊர்ப்பக்கத்துச் சுந்தரபாண்டியம் அக்கா, அங்கே வந்து ஐந்து வருடம் ஆனவள், அரபி நன்றாகப் பேசுவாள். அகதிப் பிள்ளைகள் மையத்தில் காசு வாங்காமல் தையல் சொல்லிக்கொடுத்து வந்தாள். எல்லாம் சிரியாச் சண்டையில் வீட்டையும் பெற்றவர்களையும் இழந்த பிள்ளைகள். ஒருநாள் என்னையும் கிளப்பினாள்.

"எனக்குப் பாஷை தெரியாதேக்கா. எதையாவது சொல்லி வம்பாயிட்டா?"

"ஊசியில நூல் கோக்க என்னட்டி பாஷை? வா பேசாம."

மூன்றாவது வெள்ளியன்று எட்டு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். எங்கள் தெருவில் பெண்பிள்ளை தலையைச் சொறிந்தால் யாரும் அவளைக் கேட்க மாட்டோம். அடுத்த வீட்டுப் பிள்ளையானாலும் இழுத்து மடியருகே உட்காரவைத்து, முடியை அவிழ்த்துப் பேன் பார்ப்போம். அப்படித்தான் செய்தேன். விறைத்துப்போய் உட்கார்ந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

வலது காதுக்குப் பின்னால் பேன்சீப்பு எதிலோ தட்டி நின்றது. விரலால் தடவினேன். தோலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஏதோ இருந்தது. சதை இல்லை, கட்டியும் இல்லை. பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்னக்கா சொல்லுதா?"

அக்கா பிள்ளையிடம் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள்.

"குண்டுச் சில்லாம்ட்டி. வீடு விழுந்த அன்னைக்கு உள்ள போயிருக்கு. யார்ட்டயும் சொல்லிராதங்குதா. சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவாவளாம். அவ அம்மையை அப்படித்தான் கொண்டு போனாவளாம், பொறவு வரலியாம்."

வீடு விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது இரும்பை நினைத்து மட்டுமல்ல. இரண்டு வருடமாக அந்தத் தலையை ஒருவரும் பின்னிவிடவில்லை.

அந்த வாரம் கம்பெனியில் இரண்டு ஊசி உடைத்தேன். சொன்னால் பிள்ளைக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்த இரும்பு உள்ளே என்ன செய்யுமோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கச்சிக்கு போன் போட்டேன்.

"எக்கா, காய்ச்சல்னாலே ஊரக் கூட்டுவ. இதுக்கு மட்டும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கியா?"

"அந்தப் பிள்ளை என்னிய நம்பிச் சொல்லிருக்குடி."

"நம்பினா பொழச்சிருமா? சொல்லிரு. வைஞ்சா வைஞ்சிட்டுப் போகுது."

ஒரு வாரம் பொறுத்துவிட்டேன். அது இப்போதும் உறுத்துகிறது. அடுத்த வெள்ளி காலையில் அக்காவைக் கூட்டிக்கொண்டு மையத்து நர்ஸிடம் போய்ச் சொன்னேன். நர்ஸ் தடவிப் பார்த்ததும் முகம் மாறி, உடனே வண்டிக்குச் சொன்னாள். பிள்ளை கத்துவாள், உதறுவாள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏறும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். செத்துப் போகத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று நம்பிக்கொண்டே ஏறியிருக்கிறாள்.

உள்ளே சீழ் பிடித்திருந்ததாம். நல்ல வேளையாக எடுத்துவிட்டார்களாம்.

இரண்டு வெள்ளி கழித்து வந்தாள். தலையில் கட்டு. என்னை அறியாமல் எழுந்து நின்றேன். என்னைத் தாண்டிப் போய் அக்காவின் பாயில் உட்கார்ந்தாள்.

"உசுரோட வந்துட்டாள்ல. போதும்ட்டி," என்றாள் அக்கா.

போதும்தான். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாதம் இருந்தது. ஒரு வெள்ளிகூட அவள் என் பக்கம் வரவில்லை. முடி வளர்ந்ததும் தானே பின்னப் பழகினாள். வகிடு எப்போதும் கோணலாக இருக்கும். எழுந்துபோய்ச் சரிசெய்யக் கை பரபரக்கும். உட்கார்ந்தே இருப்பேன்.